ஜெனரேட்டர் வாங்கியாச்சு, சேஞ்ச் ஓவர் போட்டாச்சா?

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே ஜெனரேட்டர் போடுறோம்? அப்புறம் எதுக்குண்ணா சேஞ்ச் ஓவர்?"

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும், வீட்டு வயரிங் வேலைக்குப் போகிற இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் விவரம் இல்லாதவர்கள் அல்ல. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று நாள்கணக்கில் இருட்டில் உட்கார்ந்தவர்கள். வீட்டில் மூச்சுத் திணறலுக்கு மெஷின் வைத்திருக்கும் பெரியவர் இருப்பார். மீன் வியாபாரம் செய்கிற வீடென்றால் ஃப்ரீசர் ஓடியே ஆக வேண்டும். சேர்த்து வைத்த காசில் ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிடுகிறார்கள். அதை வீட்டு வயரிங்கோடு எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள்.

சிலர் சேஞ்ச் ஓவரை வெறும் வசதிக்கான சுவிட்ச் என்று நினைக்கிறார்கள். இன்வெர்ட்டருக்குள்ளேயே அது இருக்கிறதே, தனியாக எதற்கு என்கிறார்கள் சிலர். மெயின் போர்டில் இருக்கும் ஃபேஸ் செலக்டரைக் காட்டி "இதுதானே அது?" என்று கேட்டவர்களும் உண்டு. இந்த மூன்றுமே சரியில்லை. வீட்டுக்கு ஈபி கரண்டா ஜெனரேட்டர் கரண்டா என்று ஒன்றை மட்டும் சேர்த்து, இன்னொன்றை அடைத்து வைக்கிற சுவிட்ச்தான் சேஞ்ச் ஓவர். அது எதற்கு, உள்ளே என்ன நடக்கிறது, அதில் எந்த வயர் எங்கே போகிறது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டாம். உரிமம் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது. அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று சரியான கேள்வி கேட்க இது உதவும்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம்

நம் பக்கத்து வீடுகளில் இரண்டு தண்ணீர் இருக்கும். ஒன்று தெருக்குழாய் வழியாக வரும் மெட்ரோ வாட்டர். இன்னொன்று வீட்டு போர் தண்ணீர். கடலோரம் என்பதால் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும்.

இப்போது ஒருவர் போர் மோட்டாரின் குழாயை நேராக மெட்ரோ வாட்டர் குழாயில் சேர்த்துவிட்டார் என்று வையுங்கள். மெட்ரோ தண்ணீர் வராத நேரத்தில் மோட்டார் போடுகிறார். தண்ணீர் அவர் வீட்டுக் குழாய்களுக்கு வரும், அவருக்குச் சந்தோஷம். ஆனால் தண்ணீருக்கு இது யார் வீடு என்று தெரியுமா? அழுத்தம் குறைவாக இருக்கும் பக்கமெல்லாம் அது ஓடும். தெருக்குழாயிலும் பின்னோக்கி ஏறி, நான்காவது வீட்டு அடி பம்பில் உப்புத் தண்ணீராக வரும். அந்த வீட்டுக்காரருக்குக் காரணமே தெரியாது.

கரண்டும் இப்படித்தான். ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சேர்த்து, ஈபி பக்கத்தை அடைக்காமல் விட்டால் கரண்ட் வீட்டுக்குள் மட்டும் நிற்காது. மீட்டர் வழியாக, சர்வீஸ் வயர் வழியாக, தெருவுக்குப் போய்விடும். இதை எங்கள் தொழிலில் ‘ரிட்டர்ன் சப்ளை’ என்போம். ஒரே ஒரு வித்தியாசம், உப்புத் தண்ணீரை நாக்கில் வைத்ததும் துப்பிவிடலாம்.

தெருவுக்குப் போன கரண்ட் என்ன செய்யும்?

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி நமக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கிறது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் குறைக்க மட்டும்தான் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. உயர் அழுத்தப் பக்கத்தில் எத்தனை சுற்று, தாழ் அழுத்தப் பக்கத்தில் எத்தனை சுற்று என்ற விகிதம்தான் கணக்கு. நம் தெரு டிரான்ஸ்ஃபார்மர்களில் அந்த விகிதம் ஏறக்குறைய 44-க்கு 1. வீட்டுப் பக்கமிருந்து 230 வோல்ட் கொடுத்தால், கணக்குப்படி மறுபக்கம் 10,000 வோல்ட்டுக்கு மேல் வரும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "சின்ன ஜெனரேட்டர் தெரு முழுக்க இழுக்குமா? லோடு தாங்காம நின்னுடும்." பல நேரம் நின்றுவிடும்தான். ஆனால் லைன்மேன் வேலை செய்கிற நேரத்தை யோசித்துப் பாருங்கள். அவர் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கியிருப்பார், அல்லது பில்லர் பாக்ஸில், அதாவது தெருவோரம் நிற்கும் கேபிள் பெட்டியில், ஒரு கேபிளை மட்டும் தனியாகப் பிரித்திருப்பார். அப்போது அந்தத் துண்டில் இருப்பது நாலைந்து வீடுகள்தான். அந்த லோடை ஒரு சின்ன ஜெனரேட்டர் தாராளமாகத் தாங்கும். 10,000 வோல்ட் வரை போகவே வேண்டாம், ஆளைக் கொல்ல 230 போதும்.

மிக்ஜாம் வாரத்தில் தண்டையார்பேட்டையில் ஒரு தெருவில் நான் நின்றிருந்தேன். முழங்கால் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் மிச்சம். பில்லர் பாக்ஸைத் திறந்து லைன்மேன் குந்தியிருந்தார். சப்ளையைத் துண்டித்தாகிவிட்டது, அவருக்கே தெரியும். ஆனாலும் கை வைப்பதற்கு முன்னால் டெஸ்ட் லாம்ப்பின் இரண்டு வயரையும் உள்ளே இருந்த முனைகளில் வைத்துப் பார்த்தார். பல்ப் எரிந்தது. அவர் கையை இழுத்துக்கொண்ட வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுந்து நின்று தெருவைப் பார்த்துக் கத்தினார்: "யார் வீட்டுல ஜெனரேட்டர் ஓடுது? நிறுத்துங்கப்பா!"

நாலு வீடு தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வயரின் இரண்டு முனையிலும் பிளக் வைத்து, ஒன்றை ஜெனரேட்டரில், இன்னொன்றைச் சுவரில் இருந்த 15 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் செருகியிருந்தார்கள். வீட்டுக்காரர் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தார், அதில் பொய் இல்லை. அரை மணி நேரம் கழித்து, தெருவில் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக அவருடைய பையன் மெயினை ஆன் செய்திருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த டெஸ்ட் லாம்ப் புண்ணியத்தில்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. மெயினை ஆஃப் செய்வது ஒருவருடைய ஞாபகத்தை நம்பியது. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேருக்கும், ராத்திரி 2 மணிக்கும், பதற்றத்திலும் அந்த ஞாபகம் இருக்க வேண்டும். சேஞ்ச் ஓவர் ஞாபகத்தை நம்புவதில்லை. அந்த இரட்டை பிளக் வயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு: சுவரிலிருந்து பிடுங்கினால், வெளியே தெரியும் பித்தளைப் பின்களில் 230 வோல்ட் இருக்கும். குழந்தை உள்ள வீட்டில் அதை நினைத்துப் பாருங்கள். அந்த வயர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

ஈபி திரும்பி வந்தால்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, வழியை அடைக்காத வீட்டுக்குள் ஈபி கரண்ட் வந்துவிட்டால் என்ன ஆகும்?

நம் வீட்டுக் கரண்ட் ஒரே திசையில் ஓடுவது இல்லை. ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது, ஒரு விநாடிக்கு 50 முழு ஆட்டம். ஜெனரேட்டரும் அதே 50 ஆட்டம்தான் ஆடப் பார்க்கும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் முன்னே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பத்துப் பேர் உட்கார்ந்த பெரிய ஊஞ்சல் உங்களை நோக்கி வேகமாக வரும் நேரத்தில், எதிரே நின்று தள்ளினால் கை என்ன ஆகும்? ஈபி என்பது நாடு முழுக்க இணைந்த பெரிய ஊஞ்சல். உங்கள் ஜெனரேட்டர் ஒரு ஆளின் கை. ஃபியூஸ் போனால், அல்லது கரண்ட் அளவு மீறினால் தானாக ஆஃப் ஆகும் எம்.சி.பி. சுவிட்ச் உடனே விழுந்தால் தப்பித்தது. இல்லையென்றால் ஜெனரேட்டரின் காயில் கருகும், சில நேரம் வயரிங்கிலேயே தீப்பிடிக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வீட்டுக்குள் இரண்டு இடத்திலிருந்து கரண்ட் வரலாம். அவை இரண்டும் ஒரு நொடிகூட ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் வெளியே லைன்மேன் உயிருக்கு ஆபத்து, உள்ளே ஜெனரேட்டருக்கும் வீட்டுக்கும் ஆபத்து. மின்சார விதிகளும் இதையே சொல்கின்றன: வாரியத்தின் சம்மதம் இல்லாமல் சொந்த ஜெனரேட்டரை ஈபி சப்ளையோடு சேர்த்து ஓட்டக் கூடாது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கொருக்குப்பேட்டை ரயில் கேட்டில் நின்றவர்கள் தண்டவாளம் பிரிகிற இடத்தைப் பார்த்திருப்பார்கள். இரண்டு பாதை வந்து ஒன்றாகச் சேரும். நடுவில் நகரும் இரும்பு நாக்கு இந்தப் பக்கம் ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்க அதனால் முடியாது.

சேஞ்ச் ஓவர் சுவிட்சும் அதேதான். கைப்பிடியில் மூன்று நிலை இருக்கும்: I, 0, II. I-ல் வைத்தால் ஈபி. II-ல் வைத்தால் ஜெனரேட்டர். நடுவில் 0-வில் வைத்தால் எதுவுமே இல்லை.

ஒரு பழைய சேஞ்ச் ஓவரைத் திறந்து மேசையில் வைத்துக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் விஷயம் நன்றாகப் புரியும். நடுவில் ஒரு தண்டு. அதில் செம்புத் தகடுகள் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போகும் வயர் இந்தத் தகடுகளோடு சேர்ந்தது. மேலே ஈபியின் கவ்விகள், கீழே ஜெனரேட்டரின் கவ்விகள். திருப்பத் தொடங்கியதும் தகடு மேல் கவ்வியிலிருந்து ‘டக்’கென்று விடுபடும். பிறகு கொஞ்ச தூரம் வெறும் காற்றில் போகும். அதற்கு அப்புறம்தான் கீழ்க் கவ்வியில் போய் உட்காரும். அந்த வெறும் காற்று இடைவெளிதான் எல்லாம். முதலில் விடு, பிறகு பிடி. இப்போது வரும் வட்டக் குமிழ் வகைகளில் உள்ளமைப்பு வேறு மாதிரி இருக்கும், ஆனாலும் இந்த வரிசை மாறாது.

ஒன்று போனால்தான் இன்னொன்று வர முடியும் என்று இயந்திர அமைப்பே கட்டாயப்படுத்துவதை ‘இன்டர்லாக்’ என்பார்கள். இரண்டு எம்.சி.பி.களை அருகருகே வைத்து, நடுவில் நகரும் தகடு ஒன்றைப் பொருத்தி, ஒன்று ஆஃப் ஆனால்தான் இன்னொன்று ஆன் ஆகும்படி செய்வதும் இன்டர்லாக்தான். தகடு எதுவும் இல்லாமல் இரண்டு எம்.சி.பி.யைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ‘சேஞ்ச் ஓவர் மாதிரிதான்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஃபேஸ் செலக்டர் என்பது வேறு. மூன்று ஃபேஸ் வருகிற வீட்டில் ஒன்று போய்விட்டால் இன்னொன்றுக்கு மாற்ற வைப்பது அது. அதில் வரும் மூன்றுமே ஈபி கரண்ட்தான், நியூட்ரல் மாறுவதும் இல்லை. ஜெனரேட்டரை அதில் கொடுக்கக் கூடாது. ஏன் என்பதற்கு நியூட்ரலைப் பற்றிப் பேச வேண்டும்.

நியூட்ரலும் மாற வேண்டும்

நான் பார்த்த தப்புகளில் அதிகம் இதுதான். காசு மிச்சம் பிடிப்பதற்காகவோ தெரியாமலோ, ஃபேஸை மட்டும் சேஞ்ச் ஓவரில் கொடுத்துவிட்டு நியூட்ரலை நேராக இணைத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வரும் கம்பிகளில் ஃபேஸ் என்பது அழுத்தம் உள்ளது, டெஸ்டர் வைத்தால் எரிவது. நியூட்ரல் என்பது சுற்றை முடித்துக் கொடுப்பது. எர்த் என்பது பாதுகாப்புக்கு மட்டும், சாதாரண நேரத்தில் அதில் கரண்ட் ஓடாது. நியூட்ரலில் டெஸ்டர் எரியாது என்பதால் அது ஆபத்து இல்லாதது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வேலை செய்து கொண்டிருக்கும் நியூட்ரலில் ஃபேஸில் ஓடும் அதே கரண்ட் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் அது பூமியோடு கட்டப்பட்டிருப்பதால்தான் நமக்கு அமைதியாகத் தெரிகிறது. மழைக்காலத்தில் கேபிள் பழுதாகி நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த அமைதி போய்விடும். வெளியே நியூட்ரலில் அழுத்தம் ஏறி நிற்கும். உங்கள் வீட்டு நியூட்ரல் அதோடு சேர்ந்தே இருந்தால் அந்த அழுத்தம் ஜெனரேட்டர் ஓடும்போதும் வீட்டுக்குள் வரும். உங்கள் ஜெனரேட்டரின் கரண்ட் அந்த வழியாக வெளியே போகவும் செய்யும்.

ஆகவே வீட்டு சேஞ்ச் ஓவரில் ஃபேஸும் நியூட்ரலும் இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். ஒரு சுவிட்ச் எத்தனை கம்பியைச் சேர்த்து மாற்றுகிறதோ அத்தனை ‘போல்’. ஒரு ஃபேஸ் சர்வீஸுக்கு 2 போல், மூன்று ஃபேஸ் சர்வீஸுக்கு 4 போல். கடையில் கேட்கும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எர்த்தை மட்டும் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. அது எப்போதும் அறுபடாமல் இருக்க வேண்டும். ஜெனரேட்டரின் இரும்பு உடலும் அதோடு சேர வேண்டும்.

எந்த வயர் எங்கே?

வரிசை இதுதான். தெருவிலிருந்து சர்வீஸ் வயர், மீட்டர், அதற்கு அடுத்து உங்கள் மெயின். மீட்டரும் அதற்கு முன்னால் இருப்பதும் மின்வாரியத்தின் பொறுப்பு, சீல் இருக்கும், அங்கே நம் வயர்மேனும் கை வைக்கக் கூடாது. மெயினிலிருந்து வெளியே வரும் ஃபேஸும் நியூட்ரலும் சேஞ்ச் ஓவரின் I பக்கத்துக்குப் போகும். ஜெனரேட்டரிலிருந்து வரும் இரண்டு கம்பியும் முதலில் அதற்கென்று ஒரு எம்.சி.பி.க்குப் போய், அங்கிருந்து II பக்கத்துக்கு வரும். பொதுவான முனையிலிருந்து வீட்டு டி.பி.க்கு, அதாவது எல்லா எம்.சி.பி.யும் இருக்கும் பெட்டிக்குப் போகும்.

பொது முனை எது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். மேலேயா, கீழேயா, நடுவிலா என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழக்கத்தில் கொடுத்து, பொது முனையில் ஈபியைக் கொடுத்துவிட்டால் சுவிட்ச் தலைகீழாக வேலை செய்யும். ஈபி ஒரு நேரம் வீட்டுக்கும் இன்னொரு நேரம் நேராக ஜெனரேட்டருக்கும் போகும்.

மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸ் ஜெனரேட்டர் வைப்பது நம் பக்கம் சாதாரணம். அப்போது II பக்கத்தில் மூன்று ஃபேஸ் முனைகளையும் ஒன்றாக இணைத்து ஜெனரேட்டர் ஃபேஸைக் கொடுப்பார்கள். அந்த இணைப்பு கட்டாயம் ஜெனரேட்டர் பக்கத்தில் மட்டும்தான். தவறிப் போய் ஈபி பக்கத்திலோ பொது முனையிலோ இணைத்தால் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் நேரடி ஷார்ட். மூன்று ஃபேஸ் மோட்டாரை ஜெனரேட்டரில் போடவும் கூடாது, எரிந்துவிடும்.

எத்தனை ஆம்ப்ஸ் வாங்குவது?

ஜெனரேட்டரில் கே.வி.ஏ. என்று ஒரு எண் போட்டிருக்கும். அது எவ்வளவு சுமக்கும் என்பதன் அளவு. அதை ஆயிரத்தால் பெருக்கி 230-ஆல் வகுத்தால் ஆம்ப்ஸ் வரும். 5 கே.வி.ஏ. என்றால் ஏறக்குறைய 22 ஆம்ப்ஸ். சரி, 32 ஆம்ப்ஸ் சேஞ்ச் ஓவர் போதுமே என்று வாங்கிவிடுவார்கள். இங்கேதான் ஒரு விஷயம் விட்டுப்போகிறது.

வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அந்த சுவிட்ச் வழியாக ஓடுவது ஈபி கரண்ட். உங்கள் மெயின் 40 ஆம்ப்ஸ் என்றால், ஏசி, கீசர், மோட்டார் எல்லாம் சேர்ந்து 40 வரை அந்தச் செம்புத் தகடு வழியாகத்தான் போகும். 32 ஆம்ப்ஸ் பெட்டி சூடாகி, பிளாஸ்டிக் பழுத்து, மே மாதத்தில் ஒருநாள் கருகும். எந்தப் பக்கம் அதிகமோ அதற்கு ஏற்றபடி வாங்க வேண்டும். 40 ஆம்ப்ஸ் மெயின் இருக்கும் வீட்டுக்கு நான் 63 ஆம்ப்ஸ்தான் போடுவேன். விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. வயரும் அப்படித்தான்: ஈபி பக்கம் மெயினுக்கு என்ன கனமோ அதே கனம். ஜெனரேட்டர் பக்கம் 5 கே.வி.ஏ.க்கு 4 சதுர மி.மீ. காப்பருக்குக் குறையக் கூடாது, மாடியிலோ தூரத்திலோ ஜெனரேட்டர் இருந்தால் இன்னும் கனம்.

மோட்டார் உள்ள எதுவும் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் இதில் சேரும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆன் செய்தால் ஜெனரேட்டர் திணறும். என்னைக் கேட்டால், விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜ், மோட்டார், மருத்துவக் கருவி இவற்றை மட்டும் தனி டி.பி.யாகப் பிரித்து, அதற்கு மட்டும் சேஞ்ச் ஓவர் வைப்பது நல்லது. புது வீட்டு வயரிங்கில் இதற்குக் கூடுதல் செலவு கொஞ்சம்தான். சேஞ்ச் ஓவரும் சின்னதாகவே போதும்.

மறுபடி சேர்த்துப் பார்த்தால்: இன்டர்லாக் உள்ள பெட்டி, நியூட்ரலும் சேர்ந்து மாறும் போல், ஈபி பக்கத்தையும் தாங்கும் ஆம்ப்ஸ், மீட்டருக்கும் மெயினுக்கும் பிறகான இடம், அறுபடாத எர்த்.

மாற்றும் முறை

கரண்ட் போனதும் ஏசி, மோட்டார் போன்ற பெரிய லோடுகளை ஆஃப் செய்யுங்கள். கைப்பிடியை 0-க்குக் கொண்டு வாருங்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். சத்தம் சீரானதும் II. அப்புறம் ஒவ்வொன்றாக ஆன் செய்யலாம். ஈபி வந்ததும் இதே மாதிரி லோடைக் குறைத்து, 0, பிறகு I, கடைசியில் ஜெனரேட்டரை நிறுத்துவது.

லோடைக் குறைக்கச் சொல்வது ஜெனரேட்டருக்காக மட்டும் இல்லை. சில சேஞ்ச் ஓவர்கள் ‘ஆஃப் லோடு’ வகை. கரண்ட் ஓடும்போது திருப்பினால் தகடு விடுபடும் இடத்தில் தீப்பொறி எழும்பிச் செம்பை அரிக்கும். வாங்கும்போது ‘ஆன் லோடு’ வகை என்று கேட்டு வாங்குங்கள்.

ஈபி வந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? அந்தப் பையன் மெயினை ஆன் செய்தது இதற்காகத்தானே. சேஞ்ச் ஓவருக்கு முன்னால், ஈபி பக்கத்தில், சின்ன ஃபியூஸோடு ஒரு இண்டிகேட்டர் லாம்ப் போட்டுவிட்டால் போதும். சிவப்பு எரிந்தால் ஈபி வந்தாச்சு. யாரும் எதையும் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

தானாக மாறுவதும், இன்வெர்ட்டரும், சோலாரும்

ஆட்டோமேட்டிக் சேஞ்ச் ஓவரில் கைப்பிடிக்குப் பதிலாக காந்தத்தால் இழுக்கப்படும் சுவிட்சுகள் இருக்கும், அவற்றை ‘கான்டாக்டர்’ என்போம். ஒரு சின்னக் கன்ட்ரோலர் ஈபி வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். போனால் சில விநாடி காத்திருந்து, செல்ஃப் ஸ்டார்ட் ஜெனரேட்டரைக் கிளப்பி, சீரானதும் மாற்றும். தத்துவம் ஒன்றுதான், இன்டர்லாக்கும் கட்டாயம். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற ஜெனரேட்டருக்கு இது ஒத்துவராது.

இன்வெர்ட்டருக்குள் ஒரு சேஞ்ச் ஓவர் இருப்பது உண்மை. அது பேட்டரிக்கும் உள்ளே வரும் கரண்டுக்கும் நடுவில் மட்டும் மாற்றும். ஜெனரேட்டருக்கும் ஈபிக்கும் நடுவில் அது நிற்கவில்லை. இன்வெர்ட்டரை சேஞ்ச் ஓவருக்கு அப்புறம், வீட்டுப் பக்கம் கொடுத்தால் எந்த சப்ளை ஓடினாலும் பேட்டரி சார்ஜ் ஆகும்.

மாடியில் ஈபியோடு இணைந்த சோலார் இருந்தால் அதன் இணைப்பு சேஞ்ச் ஓவருக்கு முன்னால், ஈபி பக்கமே இருக்க வேண்டும். வீட்டுப் பக்கம் இருந்தால் ஜெனரேட்டர் கரண்டை ஈபி என்று நினைத்து, சோலார் தன் கரண்டை ஜெனரேட்டருக்குள் தள்ளும்.

நம் ஊருக்கு மட்டும் சில விஷயங்கள்

உப்புக் காற்று. காசிமேடு, எண்ணூர் பக்கம் இரண்டு வருஷம் ஆன பெட்டியைத் திறந்தால் செம்பு முனையில் பச்சை பூத்திருக்கும், ஸ்க்ரூ துருப்பிடித்து லூஸ் ஆகியிருக்கும். லூஸான முனைதான் சூடாகி எரியும். மூடிய பெட்டியாக வாங்கி, மழைக்காலத்துக்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை மெயினை நிறுத்தி ஸ்க்ரூக்களை முறுக்கச் சொல்லுங்கள். எர்த் பைப்பும் இந்த மண்ணில் சீக்கிரம் அரிக்கும், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளம். வாசலில் கணுக்கால் உயரத்தில் சேஞ்ச் ஓவர் வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இருக்கும். அதற்கு நன்றாக மேலே, நிமிர்ந்து நின்று கை எட்டும் உயரத்தில் வையுங்கள்.

புகை. நெருக்கமான சந்துகளில் ஜெனரேட்டரை உள் நடையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ வைத்து ஓட்டுகிறார்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். திறந்த வெளியில், ஜன்னலிலிருந்து தள்ளி வைக்க இடம் இல்லையென்றால், ஜெனரேட்டர் வேண்டாம், இன்வெர்ட்டரே போதும் என்றுதான் சொல்வேன்.

வேலை முடிந்த அன்று

பணம் கொடுப்பதற்கு முன்னால் வயர்மேனை ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். முதலில் ஈபி மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் கேரியர் இருந்தால் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து கைப்பிடியை II-ல் வைத்து வீட்டு விளக்கை எரிய விடுங்கள். இப்போது சேஞ்ச் ஓவரின் ஈபி முனைகளில் மல்டிமீட்டரை வைத்து மூன்று இடம் பார்க்க வேண்டும்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில். மூன்றிலும் ஜெனரேட்டரின் 230 வரக் கூடாது. அடுத்து ஜெனரேட்டரை நிறுத்தி, கைப்பிடியை 0-வில் வைத்துவிட்டு, கருவியை ஓம்ஸில் வைத்து, வீட்டு நியூட்ரலுக்கும் ஈபி முனையின் நியூட்ரலுக்கும் நடுவில் இணைப்பு இல்லை என்று காட்டச் சொல்லுங்கள். இணைப்பு இருந்தால் யாரோ நியூட்ரலை நேராகக் கொடுத்திருக்கிறார்கள்.

டி.பி.யில் ஆர்.சி.சி.பி. இருந்தால் (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச் அது, பலர் இன்னும் இ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள்), ஜெனரேட்டரில் ஓடும்போது அது விழுகிறதா என்று வயர்மேன் தன் டெஸ்டர் கருவியால் ஃபேஸிலிருந்து எர்த்துக்குக் கசியவிட்டுப் பார்க்க வேண்டும். அதிலேயே இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்துவது இதற்குப் போதாது. ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு கட்டப்படாமல் இருந்தாலும் பட்டன் வேலை செய்யும், ஆனால் உண்மையில் ஒருவருக்கு ஷாக் அடிக்கும்போது அது விழாமல் போகலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் அழியாத மார்க்கர் பேனாவை எடுத்து, கைப்பிடியின் மூன்று நிலைக்குப் பக்கத்திலும் தமிழில் பெரிதாக எழுதிவிடுங்கள்: ஈபி, நிறுத்தம், ஜெனரேட்டர். வீட்டில் இருக்கும் எல்லோரையும், முக்கியமாக மெயினை ஆன் செய்து பார்க்கிற வயதில் இருக்கும் பிள்ளைகளை, ஒருமுறை தாங்களே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் அந்த ‘டக்’ சத்தம் கேட்கும்.